கெட்ட நிலமும் பொதுப்பணமும்

கெட்டுப்போன நிலத்தை அரசு தன் செலவிற் செப்பனிட்டு மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயின், கெடுத்தவர் ஒருவராகவும், செலவைச் சுமப்பவர் வேறொருவராகவும், திருத்திய நிலத்தைப் பெறுபவர் மூன்றாமவராகவும் அமையுமிடத்து அச்செயலின் அறம் யாது என்னும் வினா எழுதல் தவிர்க்கவியலாதது.

ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினா சட்டமாகவே உருப்பெற்றது. லவ் கால்வாய் என்னுமிடத்திற் புதைக்கப்பட்ட இரசாயனக் கழிவின்மேல் வீடுகளும் பள்ளியும் எழுந்திருந்தமை 1978இல் நாடறிந்த செய்தியாயிற்று. 1980இல் இயற்றப்பட்ட சட்டம், நிலத்தை மாசுபடுத்தியவரைத் தேடி, அவர் செயல் சட்டத்துக்கு முந்தியதாயினும், செலவை அவர்மேற் சுமத்தியது. அவரைக் காணவியலாத இடங்களுக்கென எண்ணெய், இரசாயனத் தொழில்கள்மீது வரி விதித்து நிதியும் திரட்டியது.

மலையகத்துத் தோட்டமும் ஒரு தொழிற்சாலை நிலமே. ஆங்கு நேர்ந்த கேடு பீப்பாய்களிற் புதைந்து கிடக்கவில்லை என்பதாலேயே அது கேடென்று எண்ணப்படாது போயிற்று. 1869இற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், அதே சரிவுகளிலே தேயிலை நடப்பட்டது. புல்லொன்றும் இராதபடி மலையைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருப்பதே நல்ல துரைத்தனத்தின் இலக்கணமாகக் கருதப்பட்டது. மூடுபோர்வை இழந்த மேல்மண் பருவமழைதோறும் கழுவுண்டு மகாவலியிற் கலந்தது. 1931இல் மண்ணரிப்பை ஆராய்ந்த குழு அறிக்கை தந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 1951இல். இடைப்பட்ட இருபது ஆண்டு மழையையும் அம்மலைகள் தாங்கின. பின்னாளிற் களைநாசினிகளும் வந்து சேர்ந்தன. கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இத்தகைய மண்ணைத் திருத்துதல் எளிதன்று. முதிர்ந்த செடிகளைப் பிடுங்கி, மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, ஏறத்தாழ இரண்டாண்டு நிலத்தை ஆறவிட வேண்டும். அதன்பின்னரே தலவாக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தேர்ந்தெடுத்த புதுக்கன்றுகள் ஊன்றப்படும். கொழுந்து காணப் பின்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அம்மலை வருமானம் தராது. ஆகவேதான் 1950களின் இறுதியில் அரசு மீள்நடுகை மானியத்தை ஏற்படுத்தியது. அரிபட்ட மண் பொல்கொல்லையிலும் விக்டோரியாவிலும் நீர்த்தேக்கங்களுக்கு இடராவதால், கேடு தோட்ட எல்லையோடு நிற்பதன்று. எனவே பொதுப்பணம் செலவிடுதல் தகும் என்னும் வாதம் வலுவுடையதே.

ஆனால் அப்பொதுப்பணம் எங்கிருந்து வந்தது? தேயிலையின் ஏற்றுமதித் தீர்வை நெடுங்காலம் அரச வருமானத்தின் பெருந்தூண்களுள் ஒன்றாய் இருந்தது. அத்தேயிலையைக் கொய்தவர்களோ 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தாற் பெருந்தொகையினர் நாடற்றவராக்கப்பட்டவர்கள். எஞ்சியோருக்கு அவ்வுரிமை முற்றாகக் கிட்ட 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. நிலத்தைத் திருத்தும் நிதிக்கு உழைப்பை ஈந்தவர், அந்நிதி எவ்வாறு செலவிடப்படல் வேண்டும் எனச் சொல்லும் வாக்குரிமை அற்றவராய் இருந்தனர்.

சுரண்டி பிடித்த கை தொழிலாளியின் கையன்றோ, கேட்டில் அவனுக்கும் பங்குண்டன்றோ எனச் சிலர் வினவக்கூடும். கை அவனுடையது; கட்டளை அவனுடையதன்று. துரையும் கங்காணியும் இட்ட வேலை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். மறுக்கும் வழியே இல்லாத ஒருவன்மேற் குற்றத்தின் பங்கைச் சுமத்துதல் அறநூல் எதற்கும் ஒவ்வாது.

1975இற் பிரித்தானியக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. கம்பனிகளுக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக் காலம் கரைந்தோடிய மண்ணின் விலையை அத்தொகையிற் கழித்திருக்க வேண்டாமா? அமெரிக்கச் சட்டத்தின் நியாயத்தை இங்கு பொருத்தினால், கடனாளிக்கே கடன் செலுத்திய விந்தை புலப்படும்.

அரசுடைமையான நிலம் அதில் வாழ்ந்தோருக்கு உரியதாகவுமில்லை. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்ட நிலத்தைச் சுவீகரித்து வெளியாருக்குப் பகிர முற்பட்டபோது, 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் எதிர்த்துத் திரண்டவர்கள்மீது பொலிசார் சுட்டதிற் சிவனு லெட்சுமணன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவர் கேட்டது புதுநிலமன்று. தம்மவர் நின்றிருந்த நிலத்தையே.

1992இல் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலம் அரசினது, கம்பனிக்கு 53 ஆண்டுக் குத்தகை, லயம் நிற்கும் இடமும் அக்குத்தகைக்குள்ளேயே அடங்கும். 2045இல் அது முடிவுறும்போது, மானாப் புல் நட்டு ஆற்றிய மலைகளும் ஆற்றாது விட்ட மலைகளும் ஒருங்கே அரசின் கைக்குத் திரும்பும். அவற்றை எவர் பெயரில் எழுதுவது என்பதை அன்றைய அரசு தீர்மானிக்க வேண்டியிருக்கும்.