விட்டதும் கொடுத்ததும்

இங்கிலீஷில் 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டையும் சேர்த்து 'கிவ் அப்' என்று சொல்லிவிட்டால், கொடுப்பதும் போய்விடுகிறது, மேலேயும் போய்விடுகிறது. ஒருவன் சிகரெட்டை நிறுத்தினாலும் கிவ் அப். ஓட்டப் பந்தயத்தில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாலும் கிவ் அப். பஸ்ஸில் ஒரு கிழவிக்கு எழுந்து இடம் கொடுத்தாலும் அதேதான். தியாகிக்கும் கோழைக்கும் ஒரே சட்டையைத் தைத்துப் போட்டிருக்கிறார்கள்.

இந்தச் சின்னச் சொல்லால் சமீபத்தில் சில நாள் எனக்குத் தூக்கம் கெட்டது. காரணம் ஒரு வங்காளிப் பையன்.

கோபிசெட்டிபாளையத்துக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் அவனைப் பார்த்தேன். முர்ஷிதாபாத் ஜில்லாவாம். இங்கே ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறான். கைபேசியில் இங்கிலீஷ் பாடம் படித்துக்கொண்டிருந்தவன், நான் மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதைப் பார்த்து வாத்தியார் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, "அண்ணா, கிவ் அப் தமிழ்லே என்னங்க?" என்று கேட்டான்.

"விட்டுவிடு" என்றேன்.

"பஸ்ஸிலே எந்திரிச்சு எடம் குடுத்தா?"

"அது விட்டுக்கொடு."

"பெத்தவங்களை விட்டுட்டுப் போயிட்டா?"

"அது கைவிடு."

அவன் சிரித்தான். "ஒரு இங்கிலீஷுக்கு மூணு தமிழுங்களா?"

உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டேன். 'சேடே தேஓவா' என்றான். சேடே என்றால் விட்டு, தேஓவா என்றால் கொடுப்பது. நம்முடைய விட்டுக்கொடுப்பதேதான்! எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பீடியை விடுவதற்கும் அதையே சொல்வார்களாம். மனம் தளர்ந்து ஒரு காரியத்தை விடுவதற்கு வேறொன்று வைத்திருக்கிறார்கள்: 'ஹால் சேடே தேஓவா'. ஹால் என்பது படகின் சுக்கான். நட்டாற்றில் சுக்கானிலிருந்து கையை எடுத்துவிடுவது. கங்கைக் கரையில் பிறந்தவர்களுக்கு அப்படித்தானே தோன்றும்? "சுக்கான் விட்டா அவன் மட்டும் இல்லீங்கண்ணா, படகிலே ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுத்துப் போய்விட்டான்.

இங்கிலீஷ்காரன் விட்டவனை மட்டும்தான் பார்க்கிறான். தமிழில் அது நடக்காது. விட்டுக்கொடுத்தேன் என்றால் யாருக்கு என்று கேள்வி வரும். கைவிட்டேன் என்றால் யாரை என்று வரும். 2015-ல் மத்திய அரசு, வசதியுள்ளவர்கள் எரிவாயு மானியத்தை வேண்டாமென்று சொல்லும்படி கேட்டது. அந்த இயக்கத்தின் பெயரே 'கிவ் இட் அப்' தான். ஒரு கோடிக் குடும்பங்களுக்கு மேல் சம்மதித்தன. மானியம் வேண்டாம் என்று மட்டும் கேட்டிருந்தால் இத்தனை பேர் அசைந்திருப்பார்களா, சந்தேகம். அது ஓர் ஏழை வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று சொன்னார்கள். விட்டது கொடுத்ததாயிற்று.

இதே கோபியில் நகராட்சித் தலைவராக இருந்த ஜி.எஸ். லட்சுமண அய்யரைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், 2011-ல் காலமானார். மனிதன் மலம் சுமக்கும் கொடுமையை இந்த ஊரிலிருந்து ஒழித்தவர். தாழ்த்தப்பட்டவர்களை வீட்டுக்குள் அழைத்ததற்காகச் சொந்த ஜாதியின் உறவை இழந்தார். குடும்பச் சொத்தும் பொதுக் காரியத்தில் கரைந்தது. எத்தனையோ விட்டார், யாரையும் கைவிடவில்லை. இங்கிலீஷில் இதைச் சொல்லப் புகுந்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

அவரைச் சொன்ன வாயால் என்னைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. கொடிவேரி அணையிலிருந்து வரும் தண்ணீர். அப்பா போன வருஷமே என் பங்கைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுத்தேன். ரிஜிஸ்தர் ஆபீசில் அந்தப் பத்திரத்துக்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். கையெழுத்துப் போட்டபோது யாருக்கு விடுதலை என்று நான் யோசிக்கவில்லை. "அண்ணன்னா இப்படி இருக்கோணும்" என்று ஊரே புகழ்ந்தது. நானும் அதை மறுக்கவில்லை. புகழ் யாருக்குக் கசக்கும்?

அம்மா அப்போது பக்கவாதத்தில் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் கிடந்தாள். கோயம்புத்தூரில் உட்கார்ந்து கதை எழுதிக்கொண்டிருந்த நான், பண்டிகைக்குப் பண்டிகை வந்து பார்த்துவிட்டுப் போவேன். அவளைப் புரட்டிப் படுக்க வைத்ததும், துடைத்துவிட்டதும், ஊட்டியதும் தம்பியின் மனைவி. ஒரு ஏக்கர் நிலத்தை விட்டுக்கொடுத்தேன் என்பது நிஜம். அந்தப் பத்திரத்தின் நிழலில் வேறொன்றையும் விட்டேன். அதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல.

அன்று ராத்திரி சாப்பிடும்போது தம்பியிடம் இதைச் சொன்னேன். "நான் விட்டுக்கொடுத்தேன்னு ஊர்லே சொல்றாங்களே, நிஜத்திலே நான் கைவிட்டுட்டுத்தானேடா போனேன்?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அதெல்லாம் எதுக்குங்கண்ணா இப்ப? உங்களைப் பத்தி எவனாச்சும் ஒரு வார்த்தை பேசினா நான் உட்டுக்குடுத்திருவனா?" என்றான்.

அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருப்பதை நான் மறந்தே போயிருந்தேன். நல்லவேளை, அந்தப் பையன் இதைக் கேட்கவில்லை.

தம்பியின் மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு கரண்டி வேண்டுமா என்று என்னைப் பார்த்தாள். போதும் என்று கையைக் காட்டினேன்.