வலிக்கு வைத்த பெயர்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வயிற்றுவலி என்று வாய் திறந்தால், தெருமுனையைத் தாண்டுவதற்குள் அதற்கு நாலைந்து பெயர் கிடைத்துவிடும். மருந்துக்கடைக்காரர் 'கேஸ்' என்பார். டீக்கடையில் 'உடம்பு சூடு, இளநீர் குடிங்க' என்பார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட வீடுகளில் பாட்டிமார் தொக்கம் எடுக்கச் சொல்வார்கள். வியாழக்கிழமை விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலுக்கு மெழுகுவத்தியோடு போய்வரச் சொல்லும் அக்காக்களும் உண்டு. எதற்கும் அடங்கவில்லை என்றால் கடைசியில் எல்லாரும் ஒரே குரலில், "ஒருதரம் வேலூர் ஆஸ்பத்திரி போய்ட்டு வந்துருப்பா" என்பார்கள். இவர்களில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வலியோடு நிற்கிறவனை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை.

என் வலி தொப்புளுக்கு வலப்பக்கம், சற்றுத் தள்ளி. வருஷக்கணக்காக அதற்குக் கேஸ் என்றுதான் பெயர். பெயர் கிடைத்ததில் ஒரு நிம்மதி இருந்தது உண்மை. பெயர் இருந்தால் ஆபீசில் லீவு கேட்கலாம், கல்யாண வீட்டில் இரண்டாவது முறை பரிமாற வருகிறவரிடம் கைகாட்டி மறுக்கலாம். ஆனால் பெயர் வந்த அன்றைக்கே கேள்வி நின்றுபோகிறது. புது டாக்டரிடம் போனாலும் அவர் முதலில் பார்ப்பது பழைய சீட்டைத்தான். அதில் எழுதியிருப்பதையே நாமும் ஒப்பிக்கிறோம். பெயர் தெரியாத வலியைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயம், தப்பான பெயர் ஒட்டிக்கொண்ட வலியிடம்தான்.

கணிதமேதை ராமானுஜனின் கடைசி மூன்று ஆண்டுகளைப் படிக்கும்போது இந்தப் பயம் இன்னும் கூடுகிறது. 1917-ல் கேம்பிரிட்ஜில் அவர் நோயில் விழுந்தார். முதலில் இரைப்பைப் புண்ணோ என்று பார்த்தார்கள். பிறகு காசநோய் என்றார்கள். பேட்டி ஷா என்ற லண்டன் மருத்துவர், சில ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் ராமானுஜனுக்கு விரைவீக்க அறுவை நடந்ததைக் கேள்விப்பட்டு, அது உண்மையில் புற்றுக்கட்டியாக இருந்து கல்லீரலுக்குப் பரவிவிட்டதோ என்று ஐயப்பட்டார். அந்தப் புற்றுநோய் சொன்னபடி முற்றவில்லை. நோயாளி தேறவும் இல்லை. கடைசியில் காசநோய் என்ற பெயரே நிலைத்தது. மெண்டிப் மலையில் டாக்டர் சவுரிமுத்து நடத்திய சானடோரியம், டெர்பிஷயரில் மாட்லாக், லண்டனில் நர்சிங் ஹோம் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். (பிற்பாடு 1928-ல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவர் அந்தச் சவுரிமுத்துதான்.) காசநோயைக் குணப்படுத்த அன்று மருந்து கிடையாது. திறந்த ஜன்னல், குளிர்காற்று, ஓய்வு, அவ்வளவுதான் வைத்தியம். அதுவும் யுத்த காலத்து இங்கிலாந்தில், சைவச் சாப்பாட்டுக்கே திண்டாடிய கும்பகோணத்துக்காரருக்கு.

1919-ல் ஊர் திரும்பினார். இங்கேயும் காசநோய் என்றே பார்த்தார்கள். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் இறந்தபோது அவருக்கு வயது 32.

பல்லாண்டுகள் கழித்து, 1994-ல், டி.ஏ.பி. யங் என்பவர் மிஞ்சியிருந்த கடிதங்களையும் குறிப்புகளையும் திரும்பப் படித்து ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அமீபாவால் வரும் கல்லீரல் நோயே இந்த அறிகுறிகளுக்கு மிகவும் பொருந்துகிறது என்பது அவர் முடிவு. 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது ராமானுஜனுக்குக் கடுமையான சீதபேதி கண்டிருக்கிறது. சீதபேதி நின்றுபோன பிறகும் அந்தக் கிருமி வருஷக்கணக்கில் உடம்பில் தங்கியிருந்து கல்லீரலைத் தாக்கக்கூடியது. அதற்கு எமெட்டின் ஊசி பலன் தரும் என்று கல்கத்தாவில் லெனர்ட் ராஜர்ஸ் 1912-லேயே காட்டிவிட்டிருந்தார். யங் சொன்னது இனி நிரூபிக்க முடியாத ஊகம்தான். ஆனாலும் என் மனம் அதைவிட்டு நகர மறுக்கிறது. பழைய அறுவை என்ற ஒரு செய்தி காதில் விழுந்ததும் ஒரு மருத்துவர் தன் எண்ணத்தையே மாற்றிக்கொண்டாரே! பழைய சீதபேதியையும் அப்படி யாராவது கேட்டு வாங்கி, அதன் பின்னாலேயே போயிருந்தால்?

ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இத்தாலிய மருத்துவர் ராமசினியைச் சொல்ல வேண்டும். தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி அவர் புத்தகம் எழுதி வெளியிட்டது 1700-ல். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு முந்நூறு வருஷம் கழித்தும் அதைக் கேட்காமலே எத்தனை வயிறுகளை ஸ்கேன் செய்கிறோம்! ஈயம் உடம்பில் சேர்ந்தால் வயிற்றை முறுக்கி வலிக்கும், மலம் கட்டும், இரத்தம் குறையும். குடல்வால் என்று நினைத்து அறுவை வரை போனவர்கள் உண்டு. ஸ்கேனில் ஈயம் தெரியாது. பழைய பேட்டரியை உடைக்கிறவர், பெயின்ட் சுரண்டுகிறவர், சில பஸ்ப மருந்துகளை நெடுநாள் சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால்தான் இரத்தத்தில் அதைத் தேடவே தோன்றும். ஈயத் தூசி சட்டையோடு வீட்டுக்கும் வரும். இந்த நச்சுக்கான தேசிய மையத்தை டாக்டர் வெங்கடேஷ் துப்பில் உருவாக்கியது எங்கோ அல்ல, எங்கள் பேட்டைக்குப் பக்கத்திலேயே, கோரமங்கலா ஓரத்துச் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில்.

பெயர் வைப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. குடல் காசநோயையும் கிரோன் நோயையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தைப் பிடிக்கும். சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் சில சமயம் பிரித்தறிய முடியாது. கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, அது காசநோயாக இருந்துவிட்டால் நோய் உடம்பெங்கும் பரவலாம். அதனால் இந்தியாவில் பல மருத்துவர்கள் முதலில் காசநோய் மருந்தைத் தொடங்குகிறார்கள். அவர்களில் கவனமானவர் அதோடு விடமாட்டார். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி குழாய் விட்டுப் புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆறவில்லை என்றால் தான் வைத்த பெயரைத் தானே அழிப்பார். எனக்கு இதைவிட மரியாதையான மருத்துவம் தெரியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், இரத்தம், எல்லாம் நார்மல். 'மனசுலதான் சார் இருக்கு' என்று ஒரு பெயர் புதிதாகச் சேர்ந்தது. அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்துவிடுகிறது. வலிக்கிறது என்று சொல்லும்போது வீட்டாரின் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்புறம் வயதான டாக்டர் ஒருவர், "எங்க வலிக்குதுன்னு ஒரே விரலால காட்டுங்க" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் தன் விரலை அழுத்திக்கொண்டு, கையை ஊன்றாமல் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். உயிர் போனது. வயிற்றுத் தசை இறுகும்போது உள்ளே இருக்கும் உறுப்புக்குப் பாதுகாப்பு கிடைக்கும். அப்போது வலி குறைய வேண்டும். குறையாமல் கூடினால் வலி குடலில் இல்லை, வயிற்றுச் சுவரில் இருக்கிறது. அங்கே தசையினூடே வெளிவரும் நரம்பு நெருக்குப்பட்டிருக்கலாம். 1926-ல் பிலடெல்பியாவின் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் எழுதிவைத்த சோதனை இது. இதற்கு மிஷின் வேண்டாம், காசு வேண்டாம். அதே இடத்தில் மரத்துப்போக ஒரு ஊசி போட்டதும் வலி அடங்கியது. பிறகு திரும்ப வந்தது. ஆனால் பழைய உக்கிரம் இல்லை. இதுவும் கடைசிப் பெயர் என்று நான் உறுதியாக இருந்துவிடவில்லை. எதனால் இந்தப் பெயர் என்று அவர் எனக்கு விளக்கினார், எது நடந்தால் இந்தப் பெயர் தப்பு என்றும் சொல்லி அனுப்பினார். அதுவே பெரிது.

தேடிக்கொண்டே இருப்பதிலும் ஒரு நோய் இருக்கிறது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான போக்குவரத்தில் கோளாறு வந்தும் உண்மையாகவே வலிக்கும். அந்தக் கோளாறை 'ஐபிஎஸ்' என்று டாக்டர் சொன்னால் அது கைகழுவுவது ஆகாது. குடல் மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016-ல் திருத்திய 'ரோம்' வரையறை, வலி எப்போது வருகிறது, மலம் எப்படி மாறுகிறது என்ற கேள்விகளை வைத்தே அதை அடையாளம் காண்கிறது. நன்றாகக் கேட்டு வைத்த பெயரை ஏற்று, அதற்கு ஏற்றபடி வாழ்ந்து பார்ப்பதும் அறிவுதான். ஆனால் எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ, வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, காய்ச்சல் விடாமல் இருந்தாலோ அந்தப் பேச்சுக்கு இடமில்லை. அன்றைக்கே மறுபடி போய்த் தேட வேண்டும்.

இப்போதெல்லாம் வயிற்றுவலி என்று யாராவது வந்தால் நான் பெயர் சொல்வதில்லை. ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுக்கிறேன்: எப்போது தொடங்கியது, சின்ன வயதில் என்னென்ன நோய், என்ன அறுவை, என்ன வேலை, நாட்டு மருந்து உட்பட என்னென்ன சாப்பிட்டது. போன வாரம் கீழ்வீட்டு அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். "எழுத என்னப்பா இருக்கு, கேஸ்தான்" என்றார். டீ ஆறிப்போகும்வரை பேசினோம். மஞ்சள்காமாலை வந்தது நினைவுக்கு வந்தது, ஊதுவத்தி உருட்டியது வந்தது, இரண்டாவது பிரசவம் ஆபரேஷன் என்பது வந்தது. தாள் நிரம்பிய பிறகு பின்பக்கம் திருப்பினேன்.

"அவரு பேட்டரி கடையில இருந்தப்ப துணியெல்லாம் நான்தான் துவைச்சேன். அதையும் போடணுமா?"

"போடணும்க்கா. எத்தனை வருஷம்?"