தருமனின் யானை

“எங்கள் பட்டியலில் உங்களை மிக உயரத்தில் வைக்க இருக்கிறோம்.”

அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சிக்கு நேர்காணல் முடித்துவிட்டுக் காத்திருக்கும் இளம் டாக்டருக்கு, பிப்ரவரி மாதத்தில் இப்படி ஒரு மின்னஞ்சல் வருவதுண்டு. நேர்காணல்கள் ஜனவரியோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடும். விண்ணப்பதாரர், மருத்துவமனை என்ற இரு தரப்பும் தங்கள் ரேங்க் லிஸ்ட்டைப் பூட்டுவது பிப்ரவரிக் கடைசியில், அல்லது மார்ச் தொடக்கத்தில். இடைப்பட்ட வாரங்களில் பறக்கும் கடிதங்களை எங்கள் தொழிலில் ‘காதல் கடிதம்’ என்று கேலியாகச் சொல்வோம். ஒஹாயோவில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவம் கற்றுக்கொடுக்கிறவள் நான். ரேங்க் போடும் கூட்டத்திலும் உட்காருகிறேன். மேலே சொன்ன வாக்கியம் பொய்யா இல்லையா என்பது பல வருஷமாக என்னைக் குடைகிற கேள்வி.

12 இடங்களுக்கு 150 பேரை வரிசைப்படுத்துகிறோம் என்று வையுங்கள். நாற்பதாவது ஆளும் பட்டியலின் மேல் பகுதியில்தான் இருக்கிறார். கணக்குப்படி வாக்கியம் சரி. ஆனால் படிக்கிற பையன் அதை அப்படிப் படிப்பதில்லை. அம்மாவுக்கு போன் போட்டு, “கிடைச்ச மாதிரிதான்” என்கிறான். எழுதினவருக்கும் அவன் அப்படித்தான் படிப்பான் என்று தெரியும்.

நம் ஊரில் இந்த வகை உண்மைக்குப் பழைய உதாரணம் இருக்கிறது. பீமன் கொன்றது அசுவத்தாமன் என்ற யானையை. அதே பெயருள்ள தன் மகன் செத்தானா என்று துரோணர் நேரே தருமனிடம் போய்க் கேட்டதற்குக் காரணம், தருமன் பொய் சொல்லமாட்டான் என்ற நம்பிக்கை. தருமனும் வார்த்தையளவில் பொய் சொல்லவில்லை. யானை என்ற சொல் மட்டும் காதில் விழாத அளவுக்குத் தாழ்ந்து வந்தது. அதுவரை தரைக்கு நான்கு விரல் மேலே ஓடிய அவன் தேர் அன்று மண்ணைத் தொட்டது. வாதத்தில் ஜெயித்தவனைத் தேர்ச்சக்கரம் தோற்கடித்துவிட்டது.

பொய்யே கூடாது என்று பிடிவாதம் பிடித்த இம்மானுவேல் காண்ட்டும் ஒருமுறை இப்படி எழுதியிருக்கிறார். 1794ல், மதத்தைப் பற்றி இனி இப்படி எழுதக் கூடாது என்று பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் வில்லியம் அவரைக் கண்டித்தார். மன்னரின் மிக விசுவாசமான குடிமகன் என்ற முறையில் இனி எழுதமாட்டேன் என்று பதில் போட்டார் காண்ட். மன்னர் 1797ல் இறந்ததும், அந்த மன்னரின் குடிமகனாகக் கொடுத்த வாக்கு அவரோடு போயிற்று என்று மறுபடி எழுதத் தொடங்கினார். அந்தச் சொற்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்ததாக 1798ல் அவரே அச்சில் சொன்னார்.

காண்ட்டை நான் மன்னித்துவிடுகிறேன், ஏனென்றால் எதிரே இருந்தது ராஜா. சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவது எளியவனுக்கு ஒரு கவசம். எங்கள் மின்னஞ்சலில் கவசம் போட்டிருப்பது மருத்துவமனை. எதிரே நிற்பவனிடம் கடனும் விசா காலக்கெடுவும்தான் இருக்கின்றன.

இரு தரப்புப் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’ உருவான கதையைப் பார்த்தால் இந்த வேதனை கூடும். 1940களில் ஆஸ்பத்திரிகள் மாணவர்களை முந்திப் பிடிக்கப் போட்டி போட்டு, படிப்பு முடிய வெகுநாள் இருக்கும்போதே இடம் தருவதாகச் சொல்லி, உடனே பதில் கேட்டு நெருக்கின. அந்தக் கூத்தை நிறுத்தத்தான் 1952ல் பொது மேட்ச் வந்தது. முதலில் முன்வைத்த கணக்குமுறையில் ஒரு கோளாறு: எட்டாத இடத்தை ஆசைப்பட்டு முதலில் எழுதியவன், எட்டுகிற இடத்தையும் இழக்கலாம். மாணவர்கள் அதைக் கண்டுபிடித்து எதிர்த்தார்கள். ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் குழந்தைகள் அறுவைச் சிகிச்சையில் பெரிய பெயர் எடுத்த ஹார்டி ஹெண்ட்ரன் அதில் முன்னால் நின்றார். முறை மாறியது. உண்மையான ஆசையை எழுதுகிறவன் நஷ்டப்படக் கூடாது என்பதுதான் அவர்கள் கேட்டது. 1998 முதல் நடைமுறையில் உள்ள ராத்–பெரன்சன் கணக்கு விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்தே தொடங்குகிறது. ஆல்வின் ராத்துக்கும் லாயிட் ஷாப்லிக்கும் 2012ல் பொருளாதார நோபல் கிடைத்ததில் இந்த வகை ஆராய்ச்சிக்குப் பங்குண்டு.

இதன் பலன் என்னவென்றால், விண்ணப்பிப்பவன் தனக்குப் பிடித்த வரிசையை அப்படியே எழுதுவதுதான் அவனுக்கு நல்லது. மூன்றாவதாகப் பிடித்த இடம் அவனை முதல் ஆளாக வைத்திருந்தாலும், அதை அவன் மூன்றாவதாகவே எழுதலாம். முதல் இரண்டும் கை விட்டால் அந்த இடம் அவனுக்காகக் காத்திருக்கும். அப்படியானால் ‘உங்களை உயரத்தில் வைத்திருக்கிறோம்’ என்ற செய்தி அவனுக்கு எதற்கு? முழு உண்மையாகவே இருந்தாலும் பட்டியல் போடுவதில் அதனால் அவனுக்குக் காலணா பிரயோஜனமில்லை. அது அவனை அசைத்தால் தப்பான பக்கமாகத்தான் அசைக்கும்: மூன்றாவதை முதலுக்கு ஏற்றுவான். கேட்பவனைத் தவறச் செய்வதைத் தவிர வேறு வேலையில்லாத உண்மையைச் சொன்னாலும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மேட்சை நடத்தும் என்ஆர்எம்பியின் விதி இதை முழுக்கத் தடுக்கவில்லை. தானாக முன்வந்து விருப்பம் தெரிவிக்கலாம். எங்களை எத்தனாவதாகப் போட்டாய் என்று கேட்கக் கூடாது. கட்டுப்படுத்துவது பூட்டிய பட்டியல் மட்டும்தான். கட்டுப்படுத்தாத வார்த்தைக்கு எடையில்லை என்று பலரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் சுத்தமில்லை. திருநெல்வேலியிலிருந்து விண்ணப்பித்திருந்த என் அக்கா மகன் போனில் கேட்டான்: “சித்தி, மூணு ஊருக்கும் ‘நீங்கதான் என் முதல் சாய்ஸ்’னு எழுதிப் போட்டுருதேன். யாருக்குத் தெரியப் போகுது? எல்லாவனும் அப்படித்தான் எழுதுதான்.”

எளியவனுக்குக் கவசம் உண்டு என்று நானே சொன்னேனே, இவனுக்கு இல்லையா? காண்ட் சொல்லைப் பொறுக்கினார். இவன் செய்யப்போவது பச்சைப் பொய். 1785ல் அவர் ஒரு உதாரணம் கொடுத்தார்: திருப்பித் தரும் எண்ணமில்லாமல் வாக்குக் கொடுத்துக் கடன் கேட்பதை எல்லோரும் செய்தால், அப்புறம் யார் வாக்கையும் யாரும் நம்பமாட்டார்கள். காண்ட்டுக்கு அது மனத்தளவிலான சோதனை. எனக்கு அது பிப்ரவரி மாதத்து இன்பாக்ஸ். ‘நீங்கள்தான் முதல்’ என்ற கடிதத்தைத் திறக்கும்போதே எங்கள் கூட்டத்தில் சிரிப்பு வருகிறது. ஒரே இடத்துக்கு மனசாரக் கடிதம் எழுதிய பெண்ணின் வார்த்தையும் அந்தச் சிரிப்பில் போய்விடுகிறது. ராஜா தலையில் கட்டிய பொய் இல்லை இது, பக்கத்து பெஞ்சுக்காரியின் தலையில் விழுவது.

“ஏலே, ஒரு இடத்துக்கு மட்டும் எழுது. மத்த ரெண்டுக்கும் எச்-1பி விசா உண்டா, ஜே-1 மட்டுந்தானான்னு கேளு. அது நெஜமான கேள்வி” என்றேன்.

ஒரு இடத்துக்கு எழுதினான். பதில் வரவில்லை. நேர்காணலுக்குப் பின் யாருக்கும் பதில் எழுதுவதில்லை என்று அந்த மருத்துவமனை நேர்காணல் அன்றே சொல்லியிருக்கிறது. அக்கா மட்டும், “பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நன்றி சொல்லக்கூட ஆளில்லையா?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டாள். என் ஓட்டு அந்த மௌனத்துக்குத்தான். எல்லோருக்கும் ஒரே மாதிரி மௌனம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதில் யாரும் எந்த யானையையும் ஒளித்துவைக்க முடியாது.

எங்கள் கூட்டத்திலும் இதைச் சொல்லிப் பார்த்தேன். “நாம் எழுதாவிட்டால் அடுத்த மருத்துவமனை எழுதும், ஆள் அங்கே போய்விடுவார்” என்றார் ஒரு மூத்த சகா. அந்த விண்ணப்பதாரர் தன் பட்டியலைத் தப்பாகப் போட்டால்தான் அப்படி நடக்கும், தப்புக் கணக்கால் வந்து சேருகிறவர் நமக்கு வேண்டுமா என்று கேட்டேன்.

“நல்ல டாக்டராக இருந்தால், வேண்டும்” என்றார். இந்த விவகாரத்தில் நான் கேட்ட மறைப்பில்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.