பொய்யர் இல்லாத பொய்

தண்டம் என்ற சொல்லைத் தமிழ் இரண்டு விதமாக வைத்திருக்கிறது. குற்றத்துக்கு விதிப்பதும் தண்டம். வீணாய்ப் போவதும் தண்டம். தண்டச்சோற்றில் இருப்பது இரண்டாவது. செய்யாத ஒன்றுக்காகக் காசு கட்டும்போது இரண்டு அர்த்தமும் ஒன்றாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. வேறொரு வசதி இருக்கிறது. இங்கிலாந்தில் மாநகரசபை அனுப்புவது பெனல்டி சார்ஜ் நோட்டீஸ். தனியார் வாகனத் தரிப்பிட நிறுவனம் அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டுக்கும் சுருக்கம் பி.சி.என். முதலாவது அரசாங்கத்தின் தண்டம். இரண்டாவது, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று ஒரு வியாபாரி அனுப்பும் பணக் கோரிக்கை, அவ்வளவே. பெறுகிறவர் கண்ணில் படுவது அந்த மூன்று எழுத்துக்கள்தான். படிமம் படிமம் என்று நாம் கவிதைக்குள் தேடிக்கொண்டிருப்பது அங்கே கடிதத் தலைப்பில் நின்று காசு வசூலிக்கிறது.

எனக்கு வந்த கடிதத்தில் இரண்டு படங்கள் இருந்தன. கடைத் தொகுதி ஒன்றின் தரிப்பிடத்துக்குள் என் கார் காலை 9.52க்கு நுழைகிறது, மாலை 5.20க்கு வெளியேறுகிறது. இலவசமாக நிற்கக்கூடிய நேரம் இரண்டு மணித்தியாலம். ஆகவே 100 பவுண். 14 நாட்களுக்குள் கட்டினால் 60. உண்மையில் காலையில் பக்கத்து வீட்டு மூதாட்டியை மருந்துக் கடைக்குக் கூட்டிச் சென்று பத்து மணி கடந்து சற்று நேரத்தில் வெளியேறிவிட்டேன். மாலையில் பால் வாங்க மறுபடி போனேன். கால்மணி நேரம். இடையில் நடந்த ஒரு வெளியேற்றத்தையும் ஒரு நுழைவையும் கமரா காணவில்லை. முன்னால் ஒரு லொறி ஒட்டி நின்றால் போதும், இலக்கத்தகடு மறைந்துவிடும். இரண்டு சிறு வருகைகள் ஒரு நீண்ட வருகையாகத் தைக்கப்பட்டுவிட்டன. இது எனக்கு மட்டும் நேர்ந்த அதிசயமும் அல்ல. இந்தக் கமராக்களின் நன்கறியப்பட்ட கோளாறு.

இதில் யார் பொய் சொன்னார்கள்? கமரா சொல்லவில்லை. அது கண்ட இரண்டும் உண்மை. கடிதம் எழுதியது ஒரு கணினி. அதற்கு என்னிடம் பகையில்லை. வாகனப் பதிவகம் என் பெயரையும் முகவரியையும் 2.50 பவுணுக்குக் கொடுத்தது, அவையும் பிழையற்றவை. எல்லாப் பாகமும் உண்மையாக இருக்க, முழுமை மட்டும் பொய்யாக இருக்கிறது. பொய் என்பதற்கு ஏமாற்றும் நோக்கம் வேண்டும் என்று நீதி நூல்களில் படித்த நமக்கு இந்த ஜாதிப் பொய்க்குப் பெயர் தெரியாது. பொய்யரைப் பிடித்துக் கேட்கலாம். அவர் வெட்கப்படலாம், மறுக்கலாம், கோபப்படலாம். வெட்கப்பட ஆளில்லாத பொய்யை என்ன செய்வது?

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தனியார் நிலத்தில் சக்கரத்தைப் பூட்டிவைத்துக் காசு கறக்கும் வழக்கம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 ஒக்டோபரில் ஒழிந்தது. அதை ஒழித்த சட்டமே, ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் காரின் பதிவாளரிடம் பணத்தைக் கோரலாம் என்றும் வழிவிட்டது. 2015இல் பீவிஸ் என்பவரின் வழக்கில், ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண் கேட்டது சரியே என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஏழு நீதிபதிகளில் ஒருவர் மட்டும் இணங்கவில்லை. அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இடம் அடைபடாமல் பார்ப்பதில் நில உரிமையாளருக்கு அக்கறை இருக்கத்தான் செய்யும். ஆனால் பீவிஸ் அங்கே நின்றவர். நான் நிற்காதவன். நிற்காதவனோடு அந்தப் பலகை எப்படி ஒப்பந்தம் செய்தது?

நின்றதற்குப் படம் இருக்கிறது. நிற்காததற்கு எதைக் காட்டுவது? இல்லாமை என்பது வாழ்வதற்கு எளிது, காட்டுவதற்கு அரியது. அன்று நண்பகலில் பழைய ரயர் ஒன்றை மாற்றியிருந்தேன். அந்தப் பற்றுச்சீட்டில் கார் இலக்கமும் நேரமும் இருந்தன. ரயர் நல்லதாக இருந்திருந்தால், அந்தப் பகலை நான் வழக்கம்போல வீட்டில் படித்துக் கழித்திருந்தால், நான் குற்றவாளி. என் நேர்மைக்கு ஆதாரம் என் நேர்மையல்ல, தேய்ந்துபோன ரப்பர்.

நண்பர் ஒருவர், என்னைவிட இளையவர், “கட்டிப்போட்டு விடுங்கோ அண்ணை. அறுபதுதானே. இவங்களோடை எழுதிக்கொண்டிருக்கிற நேரத்துக்கு ஒரு கட்டுரை எழுதலாம்” என்றார். (எழுதுகிறேன்.) அவர் கணக்கு பிழையல்ல. நிறுவனம் என் முறையீட்டை நிராகரித்து நான் சுயாதீன மேன்முறையீட்டுக்குப் போனால் கழிவு போய்விடும். அதாவது உண்மையைக் கேட்டுப் பார்ப்பதற்கு நாற்பது பவுண் பணயம். ஆனால் அவருடைய குரலில் கணக்கைவிடப் பழைய ஒன்று இருந்தது. இன்ன திகதி, இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை நீ எங்கே நின்றாய் என்ற கேள்வி எங்களில் பலருக்கு வேறு இடத்தில், வேறு மொழியில் கேட்டுப் பழகியது. 1979இல் இலங்கையில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. அதைத் தள்ளிவிட வேண்டும் என்று காட்டும் சுமையை, கொடுத்தவர் தலையிலேயே வைத்தது. வெளியே விடுவார்கள் என்றால் எதிலும் கையெழுத்து வைக்கலாம் என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. அந்தக் கல்வியை நான் ஏளனம் செய்யமாட்டேன். அங்கே பணயம் வைக்கப்பட்டது உயிர்.

இங்கே உயிர் இல்லை. அதனாலேயே கட்டக்கூடாது என்று எனக்குப் பட்டது. மறுத்தால் அடி விழாத இடத்தில்கூட மறுக்கக் கை எழாவிட்டால், அங்கே வைத்த கையெழுத்து நிர்ப்பந்தத்தால் வந்தது என்று சொல்லும் உரிமை மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். பழக்கம் நிர்ப்பந்தத்தின் வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிடும். அறுபது பவுணுக்கு இவ்வளவு பெரிய பேச்சா என்று சிரிக்கலாம். தொகை சிறிதாயிருப்பதில்தான் சூட்சுமமே. ஆயிரம் பவுண் என்றால் எல்லோரும் சண்டை போடுவார்கள். சண்டையின் செலவைவிடச் சற்றுக் குறைவாகத் தொகை வைக்கப்பட்டிருக்கிறது. சலிப்பை விற்கிறார்கள், நாம் வாங்குகிறோம்.

பற்றுச்சீட்டின் பிரதியோடு எழுதினேன். மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. நல்லெண்ணத்தின் அடிப்படையில் இம்முறை கட்டணத்தை ரத்துச் செய்கிறார்களாம். இனிமேல் தரிப்பிட விதிகளைக் கவனமாகப் படிக்கும்படி வேண்டுகிறார்களாம்.

எனக்கு உண்மையான கோபம் வந்தது இங்கேதான். குற்றச்சாட்டை மறுக்கலாம், மன்னிப்பை எப்படி மறுப்பது? மன்னிப்பவன், மன்னிக்க ஏதோ இருந்தது என்பதை நிலைநாட்டிவிட்டுத்தான் மன்னிக்கிறான். செய்யாததற்கு மன்னிக்கப்படுவது தண்டிக்கப்படுவதைவிட ஒருபடி மோசம் என்றே நினைக்கிறேன். தண்டிக்கப்பட்டவனுக்கு வழக்காவது மிஞ்சுகிறது. ஒரு தரிப்பிடச் சண்டைக்குக் கண்ணகியை இழுப்பது கேலிக்கூத்து என்று தெரிந்தே சொல்கிறேன்: உடைந்த சிலம்பைப் பார்த்த பாண்டியன் அவளுக்கு நல்லெண்ணம் காட்டவில்லை. பிழை தன்னுடையது என்றான். அப்படிச் சொல்ல அங்கே ஒரு வாய் இருந்தது. அவன் செத்ததைவிட அந்த வாய் இருந்ததுதான் எனக்கு இப்போது பெரிதாகத் தெரிகிறது.

நண்பர், “காசும் போகேல்லை, இன்னும் என்னண்ணை வேணும்?” என்றார். ஒரு வசனம் வேண்டும் என்றேன். ‘உங்கள் கார் அந்த ஏழு மணித்தியாலமும் அங்கே நிற்கவில்லை.’ தனிநபர் தரவுகள் பிழையாக இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமை அந்நாட்டுச் சட்டத்தில் உண்டு. அதைச் சுட்டி மறுபடி எழுதினேன்.

இம்முறை பதில் விரைவாக வந்தது. நாலு வரி. தங்கள் பதிவில் உள்ளவை இரண்டு படங்களும் அவற்றின் நேரங்களும் மட்டுமே என்றும், இரண்டும் சரியாக இருப்பதால் திருத்துவதற்கு எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.