வீட்டில் இருக்கும் பிள்ளை

போன ஆகஸ்டில் ஆம்பூர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பாப்பா ஸ்கூலுக்குப் போகல. வீட்லதான் இருக்கா."

முதலில் சொன்னவன் என்னோடு என்ஜினீயரிங் படித்த நண்பன். ஜெர்சி சிட்டியில் இருக்கிறான். மகளுக்கு ஒன்பது வயது. காலையில் அம்மாவோடு கணக்கு, மதியம் லைப்ரரி, வாரத்தில் ஒருநாள் மியூசியம். அவனுடைய கவலை வேறு. ஆபீஸுக்குப் பக்கமாக நியூயார்க்குக்கு வீடு மாற்ற வேண்டும். "இங்க யாருக்கும் ஒரு லெட்டர்கூடக் குடுக்க வேணாம்டா. ஆத்தைத் தாண்டினா வருஷம் முழுக்க பேப்பர் வொர்க்."

இரண்டாவதாகச் சொன்னவர் எதிர்வீட்டு அக்கா. ஷூ கம்பெனிக்காக வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைக்கிறவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மகளுக்குப் பன்னிரண்டு வயது. "ஸ்கூலுக்குப் போகல தம்பி, ஒரு மாசமா வீட்லதான் கீறா. எனக்கும் கை ஒத்தாசையா இருக்குது." சொல்லும்போதே அந்தப் பெண் வாசல்படியில் உட்கார்ந்து நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குப் பொறாமை. இரண்டாவதைக் கேட்டபோது குற்றவுணர்ச்சி. சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியானால் நான் எதற்குப் பொறாமைப்பட்டேன், எதற்கு வருத்தப்பட்டேன்? இந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவம் இல்லை. எங்கள் மகளுக்கு ஐந்து வயது ஆகிறது. பெங்களூரில் நானும் மனைவியும் ஆறு மாதமாக இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம்: பள்ளியில் சேர்ப்பதா, வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பதா?

*

நண்பன் சொன்ன வித்தியாசம் நிஜம். அமெரிக்காவில் கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. வீட்டுக்கல்வி 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும், ஆனால் நிபந்தனைகள் வேறு வேறு. நியூஜெர்சியில் பள்ளிக்குச் சமமான கல்வியை வேறு இடத்தில் கொடுத்தால் போதும், அரசுக்குத் தகவல்கூடச் சொல்ல வேண்டியதில்லை. டெக்சாஸில் வீட்டுப் பள்ளியும் ஒருவகைத் தனியார் பள்ளிதான் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1994இல் சொல்லிவிட்டது. நியூயார்க்கிலோ ஆண்டுதோறும் கடிதம், பாடவாரியாகத் திட்டம், காலாண்டு அறிக்கைகள், வருடக் கடைசியில் மதிப்பீடு. ஹட்சன் ஆற்றின் இந்தக் கரையில் சும்மா இருக்கிற அரசு, அந்தக் கரையில் கணக்குக் கேட்கிறது. ஜெர்மனியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஒரு குடும்பத்தின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2006இல் ஜெர்மனிக்குச் சாதகமாகவே முடிந்தது.

இந்தச் சட்டங்களை வரிசையாகப் படித்தபோது எனக்குத் தோன்றியது இது. ஒவ்வொன்றிலும் 'வீடு' என்றால் என்ன என்பதற்கு ஒரு டிஃபால்ட் இருக்கிறது. வீடு நல்லது, தொந்தரவு செய்யாதே என்கிறது நியூஜெர்சி. வீடு நல்லதாக இருக்கலாம், எதற்கும் பார்த்துக்கொள்வோம் என்கிறது நியூயார்க். வீடு மட்டும் போதாது, பிள்ளை மற்றவர்களோடு கலந்தாக வேண்டும் என்கிறது ஜெர்மனி.

நம் சட்டம் என்ன சொல்கிறது? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே சட்டத்தில் இல்லை. இதைத் தெளிவுபடுத்தச் சொல்லி ஒரு மாணவி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்ற பொருளில் மத்திய அரசு 2012இல் பதில் தாக்கல் செய்தது. ஆனால் அதைச் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. ஆக, பத்தாம் வகுப்புக்குத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்துகொள்ளத் தெரிந்த, இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்த என்னைப் போன்றவர்களுக்கு இங்கே நடைமுறையில் நியூஜெர்சிதான்.

*

'பாதி நாள் பள்ளி, பாதி நாள் வீடு' என்பதை அரசே திட்டமாகக் கொண்டுவந்த வரலாறு நம்மிடம் உண்டு. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் செய்தார். நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. பள்ளியும் ஆசிரியரும் போதவில்லை. இரண்டு ஷிஃப்ட் வைத்தால் அதே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம். கையால் வேலை செய்வது கேவலம் இல்லை என்றும் பிள்ளைகள் கற்கலாம். இன்றைய வீட்டுக்கல்விப் பெற்றோர்கள் பேசுவதும் கிட்டத்தட்ட இதேதான்: செய்து கற்றல், பாடப்புத்தகத்துக்கு வெளியே வாழ்க்கை.

தமிழ்நாடு அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. பெரியார் தெருவில் இறங்கிப் போராடினார், காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலக, அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

எதிர்த்தவர்கள் பார்த்தது எளிமையான விஷயம். எங்கள் தோல் பட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள ஒரு கிராமத்தில் தோல் வியாபாரியின் மகன் மதியம் வீட்டுக்குப் போனால் கணக்குப் புத்தகம், சரக்கு, மெட்ராஸ் பேச்சு. தோல் ஷாப்பில் வேலை பார்க்கிறவரின் மகன் வீட்டுக்குப் போனால் சுண்ணாம்புக் குழி, முடி நீக்குதல், ஆவாரம்பட்டைத் தண்ணீர். சட்டம் ஒன்று, நேரம் ஒன்று, வீடுகள் வேறு. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் இல்லை. இந்த ஊரில் அது சாதியும் தொழிலும் சேர்ந்தது.

என் தாத்தா தோல் ஷாப்பில்தான் வேலை செய்தார். அப்பா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1954இல். பிற்பாடு தபால் ஆபீஸில் கிளார்க் ஆனார். அந்த முழுநாள் பள்ளி இல்லாவிட்டால் வீட்டுக்கல்வி நல்லதா கெட்டதா என்று பெங்களூரில் காபி குடித்துக்கொண்டே யோசிக்கும் வசதி எனக்கு வந்திருக்காது.

*

ஆனால் இதோடு கட்டுரையை முடித்தால் அது நேர்மை இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றும் கோயில் இல்லை. நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார், தோல் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவார். "காத்து வரட்டும்" என்று சிரிப்பார். தாத்தாவின் தொழில் தெரிந்த பிறகு நானும் அங்கே போனேன். அந்த வருடம் யாராவது என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். வீட்டில் நுழைந்த சாதி பள்ளியில் நுழையாதா என்ன? அப்படிப்பட்ட பள்ளியிலிருந்து பிள்ளையை மீட்பது அன்புதான், அடிமைத்தனம் இல்லை.

அப்படியானால் வீடு என்பதும் பதில் இல்லை, பள்ளி என்பதும் பதில் இல்லை. வேறு எங்கே தேடுவது?

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைப் பாருங்கள். 1986 சட்டம் குழந்தைகளை வைத்து நடத்தக் கூடாத தொழில்களைப் பட்டியலிட்டது. பீடி சுற்றுவதும் தோல் பதனிடுவதும் அதில் உண்டு. கூடவே, குடும்பத்தின் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு விலக்கும் உண்டு. 2016 திருத்தம் பதினான்கு வயதுக்குக் கீழ் எல்லா வேலையையும் தடை செய்தது. ஆனால் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலையும் வைத்தது. 'குடும்பம்' என்று சொன்னதும் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்றுகொள்கிறது. குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீட்டிலும், ஆம்பூரில் அப்பர் தைக்கும் வீட்டிலும் உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று வெளியே நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஆமிஷ் மக்கள் தங்கள் பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்கு மேல் அனுப்ப மாட்டோம் என்றார்கள். நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் ஓரளவு மாறுபட்டார். பெற்றோரைக் கேட்டீர்கள், அரசைக் கேட்டீர்கள், பிள்ளைகளைக் கேட்டீர்களா என்பதுதான் அவருடைய வாதம். அந்தப் பிள்ளை பியானோ வாசிக்கவோ விண்வெளிக்குப் போகவோ ஆசைப்படலாம் இல்லையா?

எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே தப்பு. அவள் என்ன நினைக்கிறாள் என்று வீட்டுக்கு வெளியிலிருந்து வந்து கேட்க உரிமையுள்ள ஒரு ஆள் இருக்கிறாரா? அந்தப் பதிலை வைத்து ஏதாவது மாறுமா? இந்த இரண்டுக்கும் ஆம் என்றால் வீடும் பரவாயில்லை, பள்ளியும் பரவாயில்லை. என் கடைசி பெஞ்சில் அப்படி ஒரு ஆள் இல்லை. அதனால்தான் அந்தப் பள்ளியும் எனக்கு ஒரு மூடிய வீடாகத்தான் இருந்தது.

*

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். எதிர்வீட்டு வாசல்படி காலியாக இருந்தது.

"பாப்பா எங்கக்கா?"

"ஸ்கூலுக்கு. டீச்சர் ரெண்டு வாட்டி வீட்டுக்கே வந்துட்டாங்க தம்பி. லிஸ்ட்ல பேரு கீதாம். அவ கையப் புடிச்சி கேட்டாங்க, 'உனக்கு வரணும்னு இருக்குதா?'ன்னு. தலைய ஆட்டிட்டா. நான் இன்னா பண்றது?" கோபமா, நிம்மதியா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. அந்த வீட்டுக்கு மாதம் எவ்வளவு குறைந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டீச்சர் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்தக் குறைந்த பணத்துக்கு யார் பொறுப்பு என்பது இன்னொரு கட்டுரை.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறுத்தியது. பெங்களூரில் என் மகளை வீட்டில் வைத்துக்கொண்டால் எந்த லிஸ்ட்டிலும் அவள் பெயர் வராது. வந்தாலும், செக்யூரிட்டியிடம் பெயர் எழுதி, லிஃப்டில் ஏறி, ஏழாவது மாடிக்கு வந்து அவள் கையைப் பிடித்துக் கேட்க எந்த டீச்சரும் வரப்போவதில்லை. ஏழை வீட்டுக் கதவைத் தட்ட அரசுக்குக் கூச்சம் இல்லை, என் கதவைத் தட்டத்தான் கூச்சம். அதை நான் இத்தனை நாளாகச் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருகிற ஜூனில் அவளைப் பள்ளியில் சேர்க்கிறோம். ஒருவேளை பிறகு நிறுத்தினாலும் நிறுத்துவோம். அப்படி நிறுத்தினால் பக்கத்து அரசுப் பள்ளிக்கு நானே போய் எழுதிக் கொடுப்பதாக இருக்கிறேன்: இந்த முகவரியில் ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறாள், தயவுசெய்து வந்து விசாரிக்கவும். வாங்கிக்கொள்வார்களா, சிரிப்பார்களா, தெரியாது. மனைவி இப்போதே சிரிக்கிறாள்.