‘நீ உடல் அல்ல’ என்பது யாருக்கு?

நெடுநாள் தோல்நோயால் வருந்தும் ஒருவரிடம், ஆன்மிக நாட்டமுடைய உறவினர்கள் ஆறுதலாகக் கூறும் வாசகம் ஒன்று உண்டு: ‘நீ இந்த உடல் அல்ல, ஆன்மா, பிறகு ஏன் கவலை?’ வாசகம் உண்மையே. ஆனால் அதைச் சொல்பவர் பல வேளைகளில் ஓரடி தள்ளி நின்றே சொல்கிறார். அந்த ஓரடி நோயாளியின் கண்ணுக்குத் தப்புவதில்லை.

சொரியாசிஸ், வெண்புள்ளி, நாட்பட்ட கரப்பான் ஆகியவை தொற்றுவன அல்ல. மருத்துவம் இதைத் திட்டவட்டமாகக் கூறுகிறது. எனினும் வெண்புள்ளிக்குத் தொழுநோயோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதிருந்தும், ‘வெண்குட்டம்’ என்ற பெயர் இன்னும் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரிப்பையும் எரிச்சலையும் உடல் எப்படியோ பொறுத்துக்கொள்கிறது. பந்தியில் பக்கத்து இலை காலியாகக் கிடப்பதையும், பெண் பார்க்க வந்தவர்கள் காரணம் சொல்லாமல் எழுந்து போவதையும் பொறுப்பது எளிதன்று. ஐரோப்பாவின் 13 நாடுகளில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், தோல் நோயாளிகளுள் 10.1 விழுக்காட்டினர் மனச்சோர்வு நோய்க்கும் ஆளாகியிருந்தனர். தோல்நோய் இல்லாதவர்களிடையே இது 4.3 விழுக்காடு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் நோயாளிகளிடமே மிகுந்திருந்தது.

‘முன்வினைப் பயன்’ என்று தீர்ப்பு வழங்குவோரும் உள்ளனர். கர்மக் கொள்கை ஒருவன் தன் வாழ்வைத் தானே ஆராய்வதற்காக அமைந்தது. பிறரை எடைபோடும் தராசாக அன்று. சாந்தோக்கிய உபநிடதத்தில், ஜானசுருதி மன்னனின் ஏவலன் தேடிக் கண்ட ரைக்வர் ஒரு வண்டியின் அடியில் அமர்ந்து சொறிந்துகொண்டிருந்தார். பிரம்மஞானிக்குச் சொறி! உபநிடதம் அதற்கு விளக்கமோ சமாதானமோ கூறவில்லை. வந்தவன் அவரருகே பணிவுடன் அமர்ந்தான் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறது.

இந்தப் பிரச்சினையை இன்னும் நெருங்கிக் காட்டுவது ஸநாதன கோஸ்வாமியின் வரலாறு. கிருஷ்ணதாஸ கவிராஜர் வங்கமொழியில் இயற்றிய ‘சைதன்ய சரிதாமிருத’த்தில் இது விரிவாக வருகிறது. கௌட நாட்டுச் சுல்தான் உசேன் ஷாவின் அவையில் உயர்பதவி வகித்துத் துறவு பூண்டவர் அவர். ஸ்ரீசைதன்யரைக் காண ஜாரிகண்டக் காட்டு வழியே புரிக்கு நடந்து வந்தபோது உடலெங்கும் சிரங்கு கண்டு நீர் வடியத் தொடங்கியது. வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: ஜகந்நாதரின் தேர்ச்சக்கரத்தின் கீழ் இந்த உடலை விட்டுவிடுவது.

ஸ்ரீசைதன்யர் அவரைக் கண்டதும் தழுவிக்கொள்ள முன்வந்தார், ஸநாதனர் பின்வாங்கினார், ஸ்ரீசைதன்யரோ விடவில்லை, வலிந்து தழுவினார். அவரது திருமேனியிலும் சீழ் பட்டது. ஆனந்தத்திற்குப் பதிலாக ஸநாதனருக்குக் குற்றவுணர்வே பெருகியது. ஆனி மாத நண்பகல் ஒன்றில் ஸ்ரீசைதன்யர் அழைத்தபோது, கோயில் வாசல் வழியே வராமல், கொதிக்கும் கடற்கரை மணலில் நடந்து வந்தார். உள்ளங்கால்கள் கொப்பளித்துவிட்டன. கோயில் சேவகர் எவர்மீதும் தம் உடல் பட்டுவிடக் கூடாதே என்ற அச்சம்! எவரும் அவரை விலக்கி வைக்கவில்லை. அவரே தம்மை விலக்கிக்கொண்டார். உலகம் சுமத்தும் அருவருப்பை நோயாளி தனதாக்கிக்கொள்வது இப்படித்தான். முழுக்கைச் சட்டைக்குள் கோடையைக் கழிப்பவரும், புகைப்படம் எடுக்கும் நேரத்தில் நழுவிவிடுபவரும் நடப்பது அதே மணலில்தான்.

ஸ்ரீசைதன்யர் அப்போது ‘நீ உடல் அல்ல’ என்று உபதேசிக்கவில்லை. உயிரை விடும் எண்ணத்தை அறிந்து அவர் கூறியது வேறு: ‘உன் உடலை எனக்கு ஒப்படைத்துவிட்டாய், பிறர் பொருளை அழிக்க உனக்கு என்ன உரிமை? அந்த உடலைக்கொண்டு நான் செய்ய வேண்டிய பணிகள் பல.’ உடல் பொய் என்று தள்ளாமல், அது வேண்டும் என்று சொன்ன சொல் இது. தேகத்தைக் கடந்து பார்க்கும் பயிற்சியையோ அவர் தமக்கே வைத்துக்கொண்டார். குழந்தையின் அழுக்குத் தாய்க்கு அருவருப்பாகுமா என்று கேட்டார்.

இறுதியில் ஒரு தழுவலில் நோய் நீங்கியதாக நூல் கூறுகிறது. பலர் அந்த அற்புதத்தை மட்டுமே நினைவில் கொள்கின்றனர். புண் ஆறாதிருந்த நாட்களிலும் ஸ்ரீசைதன்யர் சந்தித்தபோதெல்லாம் தழுவினார் என்பதைக் கவனிப்பவர் குறைவு. சொரியாசிஸை முற்றிலும் ஒழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. கட்டுப்படுத்தும் மருந்துகள் உள்ளன. எனவே நோய் தீரும் நாளுக்காக அன்பை ஒத்திவைத்தால் அந்த நாள் வராமலே போகலாம். மனச்சோர்வும் நோயே. தூக்கமும் உணவும் கெட்டு, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு எழுமானால் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அதை பக்திக் குறைவு என்று கண்டிப்பது கொடுமை.

ஸநாதனரின் தவிப்பைக் கண்டு, அவரைப் பிருந்தாவனத்திற்குப் போய்விடும்படி ஜகதானந்த பண்டிதர் யோசனை சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஸ்ரீசைதன்யர் அதைக் கேட்டுச் சினந்தார். அந்த ஆண்டு முழுவதும் ஸநாதனரைத் தம்முடனேயே தங்கச் செய்தார். அதன்பின் பிருந்தாவனம் சென்ற ஸநாதனர் ‘பிருகத் பாகவதாமிருதம்’ முதலிய நூல்களை இயற்றினார்.