நெருப்பு எங்கே எரிகிறது?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் ரசாயனத் தொழிற்பேட்டையை ஒட்டிக் கிடக்கும் எங்கள் குடிகாட்டுப் பக்கத்திலும் மின்சாரக் கார்கள் ஒன்றிரண்டு தென்படத் தொடங்கிவிட்டன. வாங்கியவரும் வாங்க நினைப்பவரும் கூடுமிடத்தில் பேச்செல்லாம் கிலோமீட்டருக்கு என்ன செலவு என்பதையே சுற்றிவருகிறது. அந்தக் கணக்கு எளியது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தொட்டு நிற்கையில், லிட்டருக்கு 16 கி.மீ. ஓடும் காருக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்க்கு மேல் ஆகிறது. யூனிட்டுக்கு 6, 7 கி.மீ. ஓடும் மின்சாரக் காரை வீட்டிலேயே சார்ஜ் செய்வோமானால், யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை ரூபாய்தான். வாங்கும் விலை கூடுதல் என்றாலும், நிறைய ஓட்டுபவருக்கு லாபம் மின்சாரத்தின் பக்கமே என்பதில் ஐயமில்லை.

ஆனால் பணப்பையிலிருந்து வெளியேறுவது மட்டுமே ஒரு செயலின் செலவாகுமா, பிறர் சுமக்கும் பங்கையும் நம் கணக்கில் எழுதவேண்டும் என்று தர்மம் கேட்கிறதா என்பது வேறு கேள்வி. எனக்கு அதுவே பெரிய கேள்வியாகப் படுகிறது.

பெட்ரோல் கார் தன் நெருப்பைத் தன் வயிற்றிலேயே சுமந்து செல்கிறது. அதன் புகை நமக்குப் பின்னாலேயே பிரத்தியட்சமாகத் தெரிகிறது. மின்சாரக் காரில் நெருப்பு அணைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. நம் மாவட்டத்தில் அது மாறிச்சென்ற இடம், 1956-இல் தோன்றிய நிறுவனம் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எரித்துவரும் நெய்வேலி. 100 கி.மீ. ஓட ஏறத்தாழ 15 யூனிட் வேண்டும். அவ்வளவும் பழுப்பு நிலக்கரியிலிருந்தே வருமானால், அதில் எழும் கரியமில வாயு பெட்ரோல் கார் கக்குவதற்குக் குறைந்ததாக இராது. நல்லவேளையாக, முப்பந்தலின் காற்றும், கூடங்குளத்தின் அணுவும், கமுதியின் வெயிலும் அதே கம்பியில் கலந்தே வருகின்றன. ஆயினும் அந்தக் கலப்பே, இது யார் மூட்டிய நெருப்பு என்று எவரும் கேளாமலிருக்க வசதி செய்துகொடுக்கிறது.

இந்த வசதியைச் சமணர்கள் வெகு காலத்துக்கு முன்பே அடைத்துவைத்தார்கள். ஹிம்சையைத் தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையாகவே உயிரைப் பற்றும் என்பது அவர்கள் கொள்கை. திருநாவுக்கரசர் தருமசேனராக வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பாடலிச் சமணப் பள்ளி, இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூரில்தான் இருந்தது. நாவுக்கரசர் அந்தச் சமயத்தைத் துறந்தார், நானும் அவர் வழியில் நிற்கும் சைவன். எனினும் இந்த ஒரு விஷயத்தில் சமணர் வைத்த நியாயத்துக்கு நான் மறுப்புக் காணவில்லை. சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டும் விரல் செய்விக்கும் விரலே.

1867-இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் எரிகிறது. அந்த நெருப்பின் பயன் பசித்து வந்தவன் முகத்தில் அங்கேயே தெரிந்துவிடும். பயிர் வாடுவதையும் பொறாத அந்த ஜீவகாருண்யர் வாழ்ந்த அதே வட்டாரத்தில், 2023 ஜூலையில், வளையமாதேவியில் கதிர் விட்டு நின்ற நெல்வயலுக்குள் நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய் வெட்ட மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடைவரை பொறுத்திருக்கலாகாதா என்று உயர்நீதிமன்ற நீதிபதியே மனம் நொந்து கேட்டார். அந்த நெல் எவருடைய மின்கட்டண ரசீதிலும் ஏறவில்லை.

பிறர் செலவைச் சுமப்பது என்னவென்று குடிகாட்டார் உணர்வதற்கு நூலறிவு தேவையில்லை. எங்கோ வாழ்பவர்களின் மருந்துக்கும் சாயத்துக்கும் பூச்சிக்கொல்லிக்குமாக இங்குள்ள தொழிற்பேட்டையில் எழுந்த நாற்றத்தை, எந்த நாள், எந்த நேரம், காற்று எந்தத் திசை, நெடி எதைப் போன்றது என்று இவ்வட்டாரத்து மக்களே குறித்துவைத்து, 2004-வாக்கில் பிளாஸ்டிக் வாளிக்குள் பைகட்டிக் காற்றையே பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிறர் செலவைச் சுமந்தவர்கள், தம் செலவைப் பிறர் தலையில் ஏற்றுவதற்கு முன் ஒரு கணம் நிற்கக் கடமைப்பட்டவர்கள்.

இதனால் பெட்ரோலே மேல் என்று யாரும் கொள்ளவேண்டாம். பெட்ரோல் காரில் அதை எரிப்பதன்றி வேறு கதியில்லை. மின்சாரக் காரோ, அதன் ஓர் ஆணியையும் மாற்றாமல், இன்று நிலக்கரியாலும் நாளை சூரியனாலும் ஓடவல்லது. திருந்துவதற்கு இடமுள்ள கருவியைத் தேர்வதே விவேகம்; ஆகவே வாங்குங்கள். பெட்ரோலில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக் கூரையில் சோலார் தகடு பதியுங்கள். 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. சொந்தக் கூரை இல்லாதவர்கள், கூடியமட்டும் வெயிலுள்ள பகல் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் உரிய இழப்பீடும் வேலையும் கேட்டு நிற்கும்போது, அவர்கள் பக்கம் நின்று குரல் கொடுங்கள்.